ஊர் கூடும் வெளி: தகடூர் முதல் தருமபுரி நாலு ரோடு வரை

இத்தாலியின் சியெனா நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடிப் போவது அதன் நடுவிலுள்ள கேம்போ சதுக்கத்தை. சங்கு விரிந்தது போல ஒரு பக்கம் சரிந்து இறங்கும் செங்கல் தரை அது. வெள்ளைக் கல் வரிகள் தரையை ஒன்பது பாகங்களாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை நகரத்தை ஆண்ட ஒன்பதின்மர் அவையின் நினைவு அந்த ஒன்பது பாகங்களில் பதிந்திருக்கிறது. சரிவின் அடியில் நகர மண்டபம் நிற்கிறது. அதன் கட்டுமானம் 1297இல் தொடங்கியது. பக்கத்தில் எழும் மாஞ்ஞா கோபுரம் 1338க்கும் 1348க்கும் இடையில் கட்டப்பட்டது. தரை பாவும் வேலை 1349இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொள்ளைநோய் வந்து நகர மக்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிருந்தது. பிணங்களைப் புதைக்க ஆளில்லாமல் தவித்த ஊர், தன் முற்றத்துக்குக் கல் பாவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் சன்னல்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அங்கே சட்டம் இருந்தது. 1342இல் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது ஊரே கொண்டாடியது. இன்றும் சூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய நாட்களில் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கிறது. சந்தை, நீதி, ஆட்சி, வழிபாடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே முற்றம். எழுநூறு ஆண்டுகளாக அது இடம் மாறவில்லை.

தருமபுரி மாவட்டத்தில் இதற்கு நேரான இடம் எது என்று கேட்டால் பலரும் நாலு ரோட்டைச் சொல்வார்கள். சிலர் கோட்டைக் கோயிலைச் சொல்வார்கள். ஒரே ஓர் இடத்தை யாராலும் சுட்ட முடியாது. தருமபுரிக்கும் சியெனாவைப் போல நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனால் அந்த வரலாறு நெடுகிலும் அதன் நடு இடம் பெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மைசூருப் பீடபூமியிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழியில் இருக்கும் ஊர் இது. வடக்கிலிருந்து வந்தவர்களும் தெற்கிலிருந்து ஏறியவர்களும் இதை மிதித்துத்தான் போனார்கள். புதிதாக வந்த ஒவ்வொரு அதிகாரமும் பழைய முற்றத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்றை அமைத்துக்கொண்டது. ஆகவே தருமபுரியின் சதுக்கத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் அது நின்று போன இடங்களுக்கெல்லாம் போய்த்தான் எழுத வேண்டும்.

முதல் முற்றம் நமக்குப் பாட்டில்தான் கிடைக்கிறது. புறநானூற்றின் 390ஆம் பாட்டில் ஔவையார், அன்று தருமபுரிக்கு வழங்கிய பெயரான தகடூரின் அரண்மனை முற்றத்தைக் காட்டுகிறார். அன்புடையவர் நெருங்கலாம், பகை மன்னர் கனவிலும் நெருங்க முடியாது என்பது அந்த முற்றத்தின் இலக்கணம். தடாரிப் பறையை முழக்கிக்கொண்டு அங்கே போய் நின்று பாடியவர்க்கு உடையும் உணவும் கிடைத்தன. 206ஆம் பாட்டில் அதே அரண்மனை வாசலில் பரிசில் தாமதமான கோபத்தில் அவர் வாயிற்காவலனைப் பார்த்துப் பேசுகிறார். வித்தை தெரிந்தவனுக்கு எந்தத் திசைக்குப் போனாலும் சோறு கிடைக்கும் என்று கிளம்பத் தயாராகிறார். அரசனுடைய வாசலில் நின்றுகொண்டு அரசனையே கடிந்து பேச முடிந்த இடம் அது. பொதுவெளி என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ அதன் உயிர் அங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த முற்றத்துக்கு உரியவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் இருந்தான் என்பதற்குப் பாட்டு மட்டுமே சாட்சியாக இருந்த நிலை 1981இல் மாறியது. திருக்கோயிலூருக்கு அருகே சம்பையில் குன்றுக் குகையில் கண்டெடுத்த தமிழி கல்வெட்டு, அவன் சமணத் துறவியர்க்குப் பள்ளி கொடுத்ததைச் சொல்கிறது. அதில் அவன் பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டம், அசோகரின் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்து எண்ணப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் விடை தந்தது. மூவேந்தருக்கு இணையாக மௌரியப் பேரரசு அறிந்து வைத்திருந்த நான்காவது தமிழ் அரசு தகடூர் அரசு.

அந்த முற்றத்தைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு அழித்தான். தகடூரை எறிந்தவன் என்பதே அவனுக்கு அடைமொழியாயிற்று. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் அவனைப் பாடினார். போரை முழுதும் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் காணாமல் போய், புறத்திரட்டு முதலிய தொகுப்புகளில் சில பாடல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டை அந்தக் குடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் இராமாயண, பாரதக் காட்சிகளைத் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அவை பிற்காலத்தவை. இன்று அந்த ஊரைத் தேடி வரும் கூட்டத்தில் பெரும்பகுதி காலபைரவர் கோயிலுக்குத்தான் வருகிறது. ஓவியங்களை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு.

இரண்டாவது முற்றம் கல்லாக நம் கையில் இருக்கிறது. தருமபுரி நகருக்குள் கோட்டை என்று சொல்லப்படும் பகுதியில் காமாட்சியம்மன், மல்லிகார்ச்சுனேசுவரர் கோயில்கள் நிற்கின்றன. இப்போதைய ஆந்திரத்தின் ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டிருந்த நொளம்பர்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியை ஆண்டார்கள். அவர்களுடைய சிற்பிகளின் கைவண்ணம் இங்கே தெரிகிறது. மண்டபத்துக்குள் நுழைந்து தலையை உயர்த்தினால் விதானத்தில் எட்டுத் திக்குப் பாலகர்களும் அவரவர் ஊர்தியோடு இருக்கிறார்கள். காமாட்சியம்மன் கருவறையைச் சுற்றிக் குனிந்தபடி நடக்க வேண்டும். அடித்தளத்தில் சாணளவுக்குள் அடங்கும் சிறு சிறு சிற்பங்களில் இராமாயணம் வரிசையாக ஓடுகிறது. எண்ணெயும் மஞ்சளும் காலமும் சேர்ந்து முகங்களைத் தேய்த்துவிட்டன. ஆனாலும் வில்லை வளைக்கும் தோள் எது, மரத்தைப் பிடுங்கும் குரங்கு எது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளூர்க்காரர்கள் வெளியூர் விருந்தாளியைக் கூட்டிவந்தால் முதலில் காட்டுவது தொங்கும் தூணைத்தான். மண்டபத்தில் ஒரு தூணின் அடி தரையில் முழுமையாகப் படியாமல் இடைவெளி விட்டு நிற்கிறது. துண்டையோ செய்தித்தாளையோ ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று செய்து பார்ப்பார்கள். விளையாட்டாகத் தோன்றினாலும், ஆயிரம் ஆண்டுக் கட்டடத்தை ஓர் ஊர் கையால் தொட்டுப் பழகி வைத்திருக்கும் வழி இது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கல்லுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

இந்த இரண்டாம் முற்றத்தில் யாரெல்லாம் கூடினார்கள் என்பதற்கு ஒரு தூண் கல்வெட்டு துப்புக் கொடுக்கிறது. சக ஆண்டு 815, அதாவது பொது ஆண்டு 893. மகேந்திர நொளம்பன் காலம். வணிகர் குடும்பத்தைச் சேர்ந்த நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற சகோதரர்கள் தகடூரில் சமணப் பசதி எழுப்பினார்கள். அதற்கு ஊர் ஒன்று கொடையாக விடப்பட்டது. கல்வெட்டின் மொழி கன்னடம். சைவக் கோயில்கள் நிற்கும் கோட்டை ஊரில், கன்னடம் எழுதும் வணிகர்கள், சமணப் பள்ளிக்கு, அரசன் ஆதரவோடு கொடை கொடுக்கிறார்கள். சியெனாவின் ஒன்பதின்மரும் வணிகரும் வட்டிக்கடைக்காரருமாக இருந்தவர்கள்தாம். பணம் சேர்த்த கை ஊருக்குப் பொதுவான ஒன்றைக் கட்டுவது அங்கும் இங்கும் ஒரே நியாயத்தில் நடந்திருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், சியெனாவில் கட்டியவர்களே ஆண்டார்கள். தகடூரில் ஆண்டவர் ஹேமாவதியிலோ, பிறகு தஞ்சையிலோ, துவாரசமுத்திரத்திலோ, விசயநகரத்திலோ இருந்தார்.

தலைநகரம் வெளியே போய்விட்ட ஊருக்கு அரசவை முற்றம் தேவைப்படவில்லை. அதன் பொதுவெளி கிராமங்களில் பரவி நின்றது. இந்த மாவட்டத்தின் மண்ணை அறிந்தவர்கள் நடுகற்களை அறிவார்கள். பல்லவர் காலந்தொட்டு வட்டெழுத்தில் பொறித்த கற்கள் தருமபுரி, செங்கம் பகுதிகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் இவற்றைத் தேடித் தொகுத்து வெளியிட்டது. ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவன், புலியைக் குத்திச் செத்தவன், தன் தலைவனுக்காகப் பட்டவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு மனிதன் இருக்கிறான். எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில் எந்த ஊரில் எதற்காகப் பட்டான் என்பதைக் கல் இரண்டு மூன்று வரியில் சொல்லி முடித்துவிடும். சில கற்கள் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. பல கற்கள் இன்னும் ஏரிக்கரையிலும் மந்தையோரத்திலும் வேடியப்பன் என்ற தெய்வமாகப் பூசை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. இத்தாலியச் சதுக்கங்களில் குதிரை மேல் ஏறிய தளபதிகளுக்குச் சிலை வைத்தார்கள். இங்கே மாடு மீட்டவனுக்குக் கல் வைத்தார்கள். எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. எவருடைய நினைவைப் பொது இடத்தில் வைப்பது என்ற முடிவில்தான் ஓர் ஊர் தன்னை யாராக நினைக்கிறது என்பது தெரியும்.

அடுத்த பெயர்ச்சி 1792இல். திப்பு சுல்தானோடு அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் மூன்று உதவியாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் தருமபுரியில் இருந்தார். தன் உறவினர்களுக்கு எழுதிய கடிதங்களில் இங்கே வளர்த்த தோட்டத்தைப் பற்றி ஆசையோடு எழுதியிருக்கிறார். பின்னால் சென்னை மாகாண ஆளுநரான பிறகும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இரயத்துவாரி முறைக்கு அவர் கை பழகியது இந்த மண்ணில்தான்.

அந்த வேலைக்கு மாளிகை வேண்டியிருக்கவில்லை. கூடாரமும் அளவுச் சங்கிலியும் கணக்குப் பிள்ளைகளும் போதும். வயல் வயலாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, குடியானவன் ஒவ்வொருவனுடனும் நேராகப் பேசித் தீர்வை கட்டுவது அந்த முறை. அதிகாரி ஊர் ஊராகப் போனார். கூடாரம் அடித்த மரத்தடியே கச்சேரி ஆயிற்று. அன்புடையவர் நெருங்கிய அஞ்சியின் முற்றத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டும். அங்கே பாணன் வாங்கிப் போனான். இங்கே உழவன் கொடுத்துப் போனான்.

ஆனால் இந்த அளவையிலிருந்து வளர்ந்த வருவாய்க் கணக்கு வேறொன்றையும் செய்தது. தனியாருக்கு இல்லாத நிலத்தையும் வகை பிரித்து எழுதும் வழக்கம் நிலைபெற்றது. ஏரி, பாதை, சுடுகாடு, களம், மந்தைவெளி என்று ஒவ்வொன்றும் புறம்போக்காக எண் வாங்கியது. ஊர் கூடும் வெளி ஊருக்குச் சொந்தம் என்பதற்குக் காகிதச் சான்று அப்படித்தான் வந்தது. இதை இந்தக் கட்டுரையின் கடைசியில் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை இரயில் வந்தது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், அது மூடப்பட்டது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. பேருந்து நிலையமும் ஆட்சியர் அலுவலகமும் நெடுஞ்சாலையும் ஊரின் நடையை மாற்றின. நாலு ரோடு இன்றைய நடுவாகிவிட்டது. ஆனால் அங்கே கூடுகிறவர்கள் யாரும் தங்குவதில்லை. சிக்னல் விழுந்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். சாலைகள் சந்திக்கும் இடம் மக்கள் சந்திக்கும் இடமாகிவிடாது என்பதற்கு நம் நகரங்கள் எல்லாமே சான்று.

இந்த மாவட்டத்தில் ஒரு மனிதர் மட்டும் எல்லோருக்குமான முற்றம் ஒன்றைத் தானே திட்டமிட்டுக் கட்ட நினைத்தார். வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, சிறையில் பெற்ற தொழுநோயோடு ஊர் ஊராக அலைந்துவிட்டுப் பாப்பாரப்பட்டியில் தங்கினார். பாரதமாதாவுக்குக் கோயில், அதில் எந்தச் சாதியாரும் எந்த மதத்தாரும் நுழையலாம் என்பது அவர் கனவு. கோயில் நுழைவு உரிமை சட்டமாவதற்கு வெகுகாலம் முன்பே கண்ட கனவு அது. 1923இல் விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டுமுன் 1925 சூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார். அரசு கட்டிய பாரதமாதா நினைவாலயம் அதே ஊரில் 2021இல் திறக்கப்பட்டது. ஒன்பதின்மரிடம் இருந்த கருவூலம் சிவாவிடம் இல்லை. இருந்திருந்தால் தருமபுரிக்கு ஒரு சதுக்கம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

கட்டடமாக இல்லாத சதுக்கம் இங்கே நாள் கணக்கில் உயிர் பெறுகிறது. தைப்பூசத் தேரோட்டத்தன்று குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தேரின் வடத்தைப் பெண்களே பிடித்து இழுக்கிறார்கள். கூலிக்குப் போகிறவர், பள்ளி ஆசிரியை, பேத்தியைக் கைப்பிடித்து வந்த பாட்டி எல்லோரும் ஒரே கயிற்றில். வேடிக்கை பார்ப்பது ஆண்களின் முறை. உப்பும் மிளகும் தேரின் மேல் விழுகின்றன. மற்ற நாட்களில் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓரமாக நடக்கும் பெண்கள் அன்று தெருவின் நடுவை எடுத்துக்கொள்கிறார்கள். சியெனாவின் குதிரைப் பந்தயத்துக்கு உலகெங்கிலுமிருந்து ஆள் வருகிறது. இந்தத் தேரைப் பார்க்க அடுத்த மாவட்டத்திலிருந்தாவது நம் மாணவர்கள் வர வேண்டும்.

கோடையில் பாரதக்கூத்து. திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதம் படிப்பதும் இரவில் தெருக்கூத்து நடப்பதுமாகப் பல நாட்கள் போகும். அருச்சுனன் தபசுக்கு நட்ட உயரமான மரத்தில் கூத்தாடி பாட்டுப் பாடியபடி ஏறுவார். மேலேயிருந்து எறியும் எலுமிச்சைக்குப் பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். ஊர்மந்தையில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். மீசையும் பிதுங்கிய விழியுமாக, மல்லாந்து, பத்து ஆள் நீளத்துக்கு. தொடைக்குள் செந்நீர் வைத்த பானை புதைந்திருக்கும். பீமன் கதையை ஓங்கிக்கொண்டு அந்த உடலைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். கட்டியங்காரன் நடுவில் ஊர்க்கணக்கு பேசிச் சிரிக்க வைப்பான். தொடை உடைந்து செந்நீர் பீறியதும் திரௌபதி கூந்தலை முடிப்பாள். கூட்டம் உள்ளே பாய்ந்து அந்த மண்ணை அள்ளும். வீட்டில் வைத்தால் நல்லது, நிலத்தில் தூவினால் விளையும் என்பது நம்பிக்கை. சாயங்காலத்துக்குள் அத்தனை பெரிய உடல் ஊர் முழுக்கப் பிரிந்து போய்விடும்.

இதற்கு வேண்டியது காலியான ஒரு வெளி. கல் பாவ வேண்டாம், கோபுரம் வேண்டாம். மந்தை மந்தையாக இருந்தால் போதும். அதுதான் குறைந்துகொண்டு வருகிறது. சாலை அகலமாகும்போது ஓர் ஓரம் போகிறது. அரசுக் கட்டடம் ஒன்று வரும்போது, ஊருக்கு நல்லதுதானே என்று நடுப்பகுதியை விட்டுக்கொடுக்கிறார்கள். தனியார் வேலி ஒரு முழம் நகர்கிறது. பிறகு படுகளத்துக்கு அறுவடை முடிந்த யாராவது ஒருவருடைய வயலைக் கேட்டு வாங்க வேண்டியதாகிறது. கேட்டு வாங்கிய இடத்தில் எல்லோரும் நிற்க முடியாது. நிலத்துக்காரர் சொல்கிறபடிதான் நிற்க முடியும். சில ஊர்களில் இன்றும் யார் எங்கே நிற்கலாம் என்பதில் சாதி பேசுகிறது. வெளி பொதுவாக இருந்தால் அந்த வழக்கைச் சட்டத்தின் முன் வைக்கலாம். தனியார் நிலமாகிவிட்டால் அதுவும் முடியாது.

சட்டம் ஊர்ப் பக்கம்தான் நிற்கிறது. ஜக்பால் சிங் வழக்கில் 2011 சனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், கிராமத்துப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றி ஊருக்குத் திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பல ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தேன், நிறையச் செலவு செய்து கட்டிவிட்டேன் என்ற வாதங்களை அது ஏற்கவில்லை. ஆனால் எந்த நிலம் பொது என்று ஊருக்கே தெரியாவிட்டால் எந்தத் தீர்ப்பும் உதவாது. அந்தத் தகவல் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் இருக்கிறது. மந்தைவெளி, களம், பாதை ஒவ்வொன்றுக்கும் புல எண்ணும் பரப்பும் அங்கே உண்டு.

அக்டோபர் 2 இந்த மாவட்டம் பிறந்த நாள். அதே நாளில் தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடுகிறது. தருமபுரி மாவட்டத்துக் கிராம சபை ஒவ்வொன்றிலும் அன்று அந்த எண்களையும் பரப்பையும் உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊரார் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த எல்லைக்குள் நடுகல் இருந்தால் அதையும் சேர்த்து எழுத வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. தலைவரோ உறுப்பினரோ எழுந்து கேட்டால் போதும். கேட்க யாரும் எழாத ஊரில் வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம்.